திருப்பிப் போட்ட பனியன்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் சார். 'மற்றும் பலர்' என்று போடுவதாக இருந்தால், காப்பியைக் குடித்துவிட்டு நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை போட்டுவிட்டார்கள். வாலிபால் கோப்பை வாங்கி இருபத்தைந்தாவது வருஷம் என்று ஒரு மலர் அச்சடித்தார்களே, அதில் கொம்பையாவுக்கு முழுப்பக்கப் படம். மேனேஜர் கோதண்டபாணிக்கு அரைப்பக்கம். அப்புறம் ஆட்டக்காரர்கள் பெயர். கடைசி வரி, 'மற்றும் பலர்'. அந்தப் பலரில் நான் ஒருவன். மீனாம்பிகை மில் தொழிலாளர் சங்கப் பொதுச்செயலாளர் அங்குராஜ், மற்றும் பலரில் ஒருவன்.

ஐம்பதாவது வருஷ மலர் போடப்போகிறோம் என்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். வாலிபால் சங்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிறீர்கள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தீர்கள். அதனால் சொல்கிறேன். அந்த போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என் குரல் பழைய குரல் இல்லை. அந்தக் காலத்தில் மைக் இல்லாமல் மூன்று ஷிப்டுக்கும் கேட்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். அந்த மாதம் பதினான்கு நோட்டீஸ் போட்டேன். எனக்கு எந்தச் சம்பவமும் நோட்டீஸ் நம்பரோடுதான் ஞாபகம் வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சம் எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. உபரி மதிப்பு என்றால் என்ன என்று இந்த ஊர் கல்லூரி வாத்தியாருக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் ஏழு பெண்கள். அவர்களுடைய கக்கூஸுக்குக் கதவு இல்லை. கோணிச்சாக்கு தொங்கும். கதவு போடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட ஏழு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டான் மேனேஜர். அந்த ஏழில் ஒருத்திதான் இப்போது உங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாளே, மாரிக்கனி. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதெல்லாம் பிற்பாடு. மே ஒன்றாம் தேதி ஊர்வலம். இரண்டாம் தேதி காலையில் வேலைநிறுத்தம். ஏழு பேரையும் திரும்ப எடுக்கிறவரை நூல் நூற்கும் கதிர் ஒன்றுகூடச் சுற்றாது. இது முதல் நோட்டீஸ்.

மூன்றாம் தேதி சாயங்காலம் மில் லீக் ஆரம்பம். எட்டு மில், எட்டு டீம். புதனும் ஞாயிறும் ஐந்து மணிக்கு, நகராட்சிப் பள்ளி மைதானத்தில். எல்லாரும் எல்லாரோடும் ஆடவேண்டும். முதல் இரண்டு இடம் வருகிறவர்களுக்குள் இருபத்தெட்டாம் தேதி பைனல். எங்கள் டீம் ஒன்பது வருஷமாக ஆடுகிறது, ஒரு கோப்பை கிடையாது. அந்த ஆட்டக்காரப் பயல்களை மில்லில் ஃபிட்டர் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒருவனும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. பாலும் முட்டையும் மில் செலவு. ஆடத்தான் சம்பளம். ஆனாலும் சம்பளம் வாங்குகிறவன் தொழிலாளிதானே. சங்கத்தில் உறுப்பினர்தானே.

அப்போது கேள்வி என்ன? வேலைநிறுத்தத்தில் இருக்கிற தொழிலாளி, மில் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு மில்லுக்காக ஆடலாமா? மஞ்சள் பனியன், நெஞ்சில் பச்சை எழுத்தில் 'மீனாம்பிகை' என்று இருக்கும். ஆடினால் வேலைநிறுத்தம் கேலிக்கூத்து. ஆடாவிட்டால் ஆபீஸ் கிளார்க்குகளை இறக்கிவிடுவான் மேனேஜர், ஊரும் நம்மைக் காறித்துப்பும். இரண்டாம் தேதி சாயங்காலம் கமிட்டி கூடியது. நாலு மணி நேரம் நானே பேசினேன். பிரச்சினையின் எல்லாப் பக்கத்தையும் விளக்கினேன். முடிவு மட்டும் வரவில்லை.

அப்போது சவரிராயன் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டான், "தோழர், பனியனைத் திருப்பிப் போட்டுக்கிட்டா?"

சவரிராயன்தான் டீமில் லிஃப்டர். தெரியாதவர்கள் படிப்பார்கள், விளக்கிவிடுங்கள். எதிராளி அடிக்கிற பந்து எப்படி வந்தாலும் அதன் கீழே போய் நின்று, விரல் நுனியால் நெட்டுக்கு மேலே மெதுவாகத் தூக்கிக் கொடுப்பவன். அடிப்பது வேறு ஒருவன். கைதட்டலும் அவனுக்கு. எங்கள் டீமில் அடிக்கிறவன் கொம்பையா. ஆறடி மூன்று அங்குலம். அவன் துள்ளி அடித்தால் எதிர்ப்பக்கம் புழுதி கிளம்பும்.

பனியன் யோசனை சவரியுடையது என்று சிலர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. அவன் கேட்டது கேள்வி. கேள்வி முடிவு ஆகாது. அதைத் தீர்மானமாக எழுதி, முன்மொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றியது நான். மில் பெயர் உடம்புப் பக்கம் இருக்கும், தையல் வெளியே தெரியும், ஆட்டமும் நடக்கும், வேலைநிறுத்தமும் நடக்கும். இரண்டாம் நோட்டீஸ். தலைப்பு, 'தையல் வெளியே, துரோகம் உள்ளே'. அச்சகத்துக்காரன், "இதுக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி?" என்றான். படிக்கிறவனுக்குப் புரியும் என்றேன்.

மறுநாள் மைதானத்துக்குப் போனால் ரெஃபரி ஒத்துக்கொள்ளவில்லை. பனியனைத் திருப்பிப் போட்டால் முதுகில் நம்பர் எங்கே என்றான். நம்பர் இல்லாமல் ஆட விதி இல்லையாம். எங்களிடம் விதிக்குப் பஞ்சமா, ஆளுக்குப் பஞ்சமா. சுவரெழுத்துத் தோழர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள், ஒரு வாளி காவியோடு. ஆறு முதுகிலும் நம்பர் எழுதினோம். அவசரத்தில் காவியில் பசை கலக்கவில்லை.

முதல் செட் பாதி போயிருக்கும். வேர்வை. கொம்பையாவின் முதுகில் இருந்த நாலு கரைந்து இடுப்புவரை செக்கச்செவேல் என்று வழிகிறது. அவன் ஒரு பந்து அடித்துவிட்டுக் கீழே விழுந்தான், வழக்கமாக விழுகிறதுதான். கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ ரத்தம்" என்று கத்திவிட்டாள். ரெஃபரி விசில் ஊதுகிறான். மருத்துவமனைக் கம்பவுண்டர் ஒருத்தர் பஞ்சும் டிஞ்சருமாக வேலியைத் தாண்டி ஓடிவருகிறார். கொம்பையாவைக் குப்புறப் போட்டுத் துடைக்கிறார், காயத்தைக் காணோம். துடைக்கத் துடைக்கக் காவி வருகிறது. "எங்கடா வெட்டு?" என்கிறார். "வெட்டு இல்ல சார், நாலு," என்கிறான் அவன்.

மைதானமே புரண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தொழிலாளி ரத்தம் சிந்துகிறான் என்று அந்த இடத்திலேயே இரண்டு நிமிஷம் பேசினேன். நல்ல சந்தர்ப்பம், விடலாமா. ஆட்டம் ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்திலிருந்து துணியில் நம்பர் வெட்டித் தைத்துப் போட்டார்கள். தைத்தது அந்த ஏழு பெண்கள். யார் சொல்லித் தைத்தார்களோ தெரியாது. தானாகவே வந்த வர்க்க உணர்வு என்று ஐந்தாம் நோட்டீஸில் எழுதியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஊர் எங்கள் பக்கம். 'மீனாம்பிகை' என்று ஒருவரும் கத்தமாட்டார்கள், "தையல், தையல்" என்றுதான் கத்துவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் அலைந்தன. அடித்துத் திருத்த முடியாமல் தாய்மார்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். ஒன்பதாம் தேதி பஸ் கண்டக்டர் ஒருத்தர் காக்கிச் சட்டையைத் திருப்பிப் போட்டு டூட்டிக்கு வந்துவிட்டார். அவருக்கு மெமோ. அதைக் கண்டித்து ஏழாம் நோட்டீஸ்.

மேனேஜர் கோதண்டபாணியும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவான். வேவு பார்க்க. வேலிக்கு அந்தப் பக்கம், கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பான். கொம்பையா ஒரு பந்தை அடித்தால் இவனுடைய கை தானாகக் கிளம்பும், குடை சரியும், சட்டென்று கையைப் பையில் போட்டுக்கொள்வான். அந்த டீமை ஒன்பது வருஷமாகச் சேர்த்தவனே அவன்தான், சொந்தக் காசில் பந்து வரவழைப்பான் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. வர்க்க எதிரியின் பொழுதுபோக்கைப் பற்றி நமக்கு என்ன.

மூன்று ஆட்டம் ஜெயித்தோம். நாலாவது, பதினான்காம் தேதி ஞாயிறு. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ளவேண்டும், இந்தத் தோல்விக்கு என்னைக் காரணம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாலிபாலில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாறவேண்டும். யாருக்கும் நிரந்தர நாற்காலி கிடையாது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் மதிப்பு வந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு சுரண்டல். எந்த இடத்துக்குப் போனாலும் தூக்கிக் கொடுக்கிறவன் சவரிதான், அடிக்கிறவன் கொம்பையாதான். ஒருவனுடைய உழைப்பு, இன்னொருவனுக்குப் புகழ். இது மில்லா, ஆட்டமா? சனிக்கிழமை கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தேன். இனிமேல் தூக்கிக் கொடுப்பதும் சுழற்சி முறை. ஆறு பேரும் முறை வைத்துத் தூக்கவேண்டும்.

"எனக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்ல தோழர்," என்றான் சவரி. "தூக்கிக் குடுக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதைத்தான் அடிமை மனோபாவம்னு சொல்றது," என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. கொம்பையா முறை. அவன் தூக்கிய பந்து மைதானத்துச் சுவரைத் தாண்டி ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் விழுந்தது. அது திரும்ப வந்தபோது அதில் சந்தனம் இருந்தது. அடுத்தவன் தூக்கியது ரெஃபரியின் மண்டையில். டைம் அவுட் கேட்டேன். முப்பது விநாடி கொடுப்பார்கள். தீர்மானத்துக்குத் திருத்தம் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடத்தினேன். கை தூக்கச் சொல்லி எண்ணி முடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டான். பதினைந்துக்கு மூன்று, பதினைந்துக்கு நாலு. தோற்றோம். ரெஃபரியை மேனேஜர் விலைக்கு வாங்கிவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான் என்று சொல்கிறார்கள். நடிப்பு.

மறுநாள் சவரி வந்தான். "தோழர், தீர்மானம் நல்ல தீர்மானம். இவ்வளவு பெரிய மாற்றத்தை அவசரப்பட்டு அமல்படுத்தினா கெட்டுப்போகும். அதை ஆராய ஒரு சப்-கமிட்டி போட்டா என்ன? நீங்களே தலைவர்."

முதிர்ச்சியான யோசனை. ஒப்புக்கொண்டேன். சப்-கமிட்டி இன்னும் அறிக்கை தரவில்லை. அதுவரை பழைய முறையிலேயே ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். மிச்சம் மூன்று ஆட்டமும் ஜெயித்துப் பைனலுக்குப் போனார்கள். தோல்வி கற்றுக்கொடுத்த பாடம் என்று பதினோராம் நோட்டீஸில் விளக்கமாக எழுதினேன்.

ஆனால் இருபத்துநாலாம் தேதி ஆன பிறகும் மேனேஜர் அசையவில்லை. நாலாவது வாரம். ரேஷன் அரிசி தீர்ந்த வீடுகள் உண்டு. நைட் ஷிப்டுக்காரர்கள் சிலர் என்னைக் கண்டால் தெருவை மாற்றிப் போனார்கள். ஏழு பேரில் இரண்டு பெண்கள், "எங்களால எதுக்கு இத்தனை பேர் பட்டினி, நாங்க வேற வேலை பாத்துக்கிடுதோம்," என்று அழுதுவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன் சார், அந்த வாரம் எனக்கும் தூக்கம் இல்லை. இன்னும் நாலு நாள் போனால் வேலைநிறுத்தம் தானாகவே உடைந்துவிடும் என்று தெரியும். நோட்டீஸில் அப்படி எழுத முடியுமா.

அப்போது லீக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தான். பைனலில் ஜெயித்தால் கோப்பையில் என்ன பெயர் வெட்டவேண்டும் என்று கேட்டான். 'தொழிலாளர் சங்க அணி' என்று வெட்டு என்றேன். மில் பெயர் ஒரு எழுத்து இருக்கக்கூடாது. சவரி பக்கத்தில்தான் நின்றிருந்தான். "அப்படியே எழுதிக் குடுத்துருங்க தோழர், கையெழுத்தும் போட்டு," என்றான். அன்றைக்குத்தான் அவனுக்கு உணர்வு வந்தது என்று நினைத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அது வியாழக்கிழமை. அன்றைக்கே அவன் ஏழு பெண்கள் வீட்டுக்கும் போய், அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தானாம். மாதாகோவிலில் பெயர் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லப்போகிறேன் என்றானாம். நான் பகுத்தறிவுக்காரன். ஆனாலும் தடுக்கவில்லை. அவனவன் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை ஒரு காட்சி கண்டேன். மேனேஜர் பங்களாக் கேட்டிலிருந்து சவரி வெளியே வருகிறான். என் ரத்தம் கொதித்தது. நடுரோட்டில் நிறுத்தினேன்.

"இங்க உனக்கு என்னடா வேலை?"

"நெட்டு கிழிஞ்சிருச்சு தோழர். பைனலுக்கு வேற நெட்டு கேட்டேன்."

"வேலைநிறுத்தத்துல இருக்கிறவன் முதலாளிகிட்ட நெட்டு கேப்பியா?"

"தப்புத்தான் தோழர்."

"குடுத்தானா?"

"யோசிச்சுச் சொல்றேன்னார்."

ஒரு நெட் விஷயத்துக்குக்கூட யோசிக்கிறவன். அன்று சாயங்காலமே பதினான்காம் நோட்டீஸ் போட்டேன். சவரியின் பெயரைச் சொல்லாமல், 'எதிரியின் வாசல்படி ஏறும் கால்கள்' என்று. அதுதான் நான் எழுதியதிலேயே கூர்மையானது. வேண்டுமானால் ஒரு பிரதி தருகிறேன், மலரில் அப்படியே போடலாம்.

அதன் விளைவைக் கேளுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. மேனேஜர் கோதண்டபாணி தானே நடந்து சங்க ஆபீஸுக்கு வருகிறான். சரித்திரத்தில் முதல் முறை. கையில் டைப் அடித்த காகிதம். ஏழு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், கதவு போடப்படும். கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருந்தான்.

"ஒரே ஒரு வேண்டுகோள் மிஸ்டர் அங்குராஜ்," என்றான். "நாளைக்குப் பனியனை நேரா போட்டு மில் பேர்லயே ஆடச் சொல்லுங்க, கோப்பையிலயும் அந்தப் பேரே இருக்கட்டும்."

மே தினத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "என்னுடைய பதினான்காம் நோட்டீஸ்தானே உங்களை இங்க கொண்டுவந்தது?" என்று கேட்டேன்.

"நான் ஆறாவதையே இன்னும் படிச்சு முடிக்கல," என்றான். பயம் சார். படிக்கக்கூடத் துணிவில்லை.

அந்தக் காகிதத்தில் ஒரு ஆச்சரியம். ஏழு பெண்களின் பெயரும் இனிஷியலோடு, ஒரு பிழை இல்லாமல் இருந்தது. மில் பதிவேட்டில்கூட அவர்களுக்கு வெறும் பெயர்தான். என் நோட்டீஸ்களிலேயே நான் இனிஷியல் போட்டதில்லை, எனக்கே தெரியாது. அவனுக்கு எத்தனை உளவாளி இருந்திருக்கவேண்டும் என்று பாருங்கள்.

என்ன மாரிக்கனி? ஒன்றுமில்லையா? அப்புறம் ஏன் அடுக்களையில் இருமுகிறாய்? விடுங்கள் சார், அவளுக்கு இந்தக் கதை வந்தாலே இருமல் வரும்.

பைனல். அஞ்சு செட். ஊரே மைதானத்தில். புது நெட், காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. வேலைக்குத் திரும்பப்போகிற ஏழு பேரும் முன்வரிசையில். டீம் பனியனை நேராகப் போட்டு இறங்கியது, 'மீனாம்பிகை' என்று பளிச்சென்று. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் என் மனச்சாட்சியை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. நான் என் வெள்ளைச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன். மூவாயிரம் பேரில் நான் ஒருவன்தான்.

கடைசி செட், நாங்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே, பெஞ்சுக்குப் பக்கத்தில் போகிறது. போய்விட்டது என்றே நினைத்தோம். சவரி ஓடி, பெஞ்சில் இடித்து, விழுந்துகொண்டே அதைப் பின்பக்கமாகத் தூக்கினான். அது நெட்டுக்கு மேலே வந்து, வைத்த மாதிரி நின்றது. கொம்பையா துள்ளினான். அவ்வளவுதான்.

கொம்பையாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார்கள். மேனேஜர் வேலியைத் தாண்டி ஓடிவந்தான், குடையை எங்கேயோ போட்டுவிட்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டு. நான் மைக்கைப் பிடித்தேன். நல்ல உரை. கூட்டம் ஊர்வலத்தோடு போய்விட்டது, இருந்தாலும் நல்ல உரை.

இதோ அந்தப் படம். பிடியுங்கள், ஓரத்தில் கறையான் அரித்திருக்கிறது. நடுவில் கொம்பையா கோப்பையோடு. இந்தப் பக்கம் மேனேஜர். அந்தப் பக்கம், தையல் வெளியே தெரிய நிற்பது நான். சவரியா? அவன் நெட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். இரவல் நெட், அழுக்காகாமல் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். இந்த ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது அவனுடையது. பெஞ்சில் இடித்த கை, கட்டுப் போட்டிருக்கும் பாருங்கள்.

இவ்வளவுதான் சார் அந்த மாதம். மில் மூடி முப்பது வருஷமாகிறது. சலூனில் கொம்பையா படம் மாட்டியிருக்கிறார்கள். என் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடையாது. பரவாயில்லை. நீங்களாவது வந்தீர்கள். உங்களுக்கு என் விலாசம் யார் கொடுத்தது?

சவரியா? தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறானா, போய்ப் பார்த்தீர்களா. நடக்கிறானா? என்ன சொன்னான்?

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அந்த ஏழு பேருக்கும் வேலை வாங்கிக் குடுத்தது தோழர் அங்குராஜ்தான், அவரைப் போய்க் கேளுங்க." அப்படியேவா சொன்னான்?

ம்.

அவன் பொய் சொல்லமாட்டான் சார். அதை முதல் பக்கத்தில் போடுங்கள். அவன் சொன்ன வார்த்தையாகவே போடுங்கள், மேற்கோள் குறிக்குள். எதற்கு மறுபடியும் இருமுகிறாய் மாரிக்கனி? இருமலா, சிரிப்பா அது?

அவனைப் பற்றியும் மறக்காமல் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'மற்றும் பலர்' என்று போட்டுவிடாதீர்கள், பாவம். சவரிராயன், பந்தைத் தூக்கிக் கொடுத்தவர். அது போதும். வேறு என்ன செய்தான் அவன்?